நண்பர்களோடு பீர் ருசித்துப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கூட்டத்தில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். சட்டப்படி குடிக்கும் வயதை எட்டியவர்களுக்கு மட்டும்தான் இது. குடிக்காதவரைக் குடிக்க வைக்கும் நோக்கமும் இல்லை.

டேஸ்டிங்னா என்ன? உட்கார்ந்து குடிக்கிறதுக்கு ஸ்டைலா ஒரு பேர் வச்சிருக்கீங்களா?

பாதி அப்படித்தான். அரட்டையும் சிரிப்பும் வழக்கம்போல இருக்கும். ஆனால் ஊற்றும் அளவு மிகக் குறைவு, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பீரைக் குடிக்கிறார்கள், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தாளும் பேனாவும் இருக்கும். குடித்ததைப் பற்றி இரண்டு வரி எழுதுகிறோம். எல்லோரும் எழுதி முடித்த பிறகுதான் பேச்சு. இந்தக் கடைசி விதியை விட்டுவிட்டால் மிச்சமிருப்பது சாதாரண குடிதான்.

எனக்கு எல்லா பீரும் ஒரே கசப்பாத்தான் தெரியுது. நான் வந்து என்ன சொல்லப் போறேன்?

பெரும்பாலானவர்கள் இதுவரை குடித்தது ஒரே வகை: வெளிர் மஞ்சள் நிற லாகர், அதுவும் நாக்கு மரத்துப்போகும் குளிர்ச்சியில். உலகத்தில் எங்கு போனாலும் அதிகம் விற்பது அந்த வகைதான். வேறு வேறு கம்பெனி லேபிள் இருந்தாலும் உள்ளே கிட்டத்தட்ட ஒரே செய்முறை. எல்லாம் ஒன்றாகத் தெரிந்தால் அதில் உங்கள் நாக்கின் குற்றம் எதுவும் இல்லை.

ஒரு லாகரையும் ஒரு ஸ்டவுட்டையும் (வறுத்த தானியம் சேர்த்துக் காய்ச்சும் கறுப்பு பீர்) பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறிக் குடித்துப் பாருங்கள். முதல் பீர் ரொட்டி, தானியம் போல வாசம் அடிக்கும். இரண்டாவதில் காபி, டார்க் சாக்லேட், கருகிய தானியம் எல்லாம் வரும். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று பக்கத்தில் இருந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். தனியாக ஒரே பீரைக் குடித்துவிட்டு வர்ணிக்கச் சொன்னால் பழகியவரும் திணறுவார்.

எத்தனை பேர், எத்தனை பீர், ஆளுக்கு எவ்வளவு?

நாலு முதல் ஆறு பேர், நாலு அல்லது ஐந்து பீர். ஆளுக்கு 70 முதல் 80 மி.லி. வரை ஒரு பீருக்குப் போதும். 330 மி.லி. பாட்டிலை நாலு பேர் பகிர்ந்தால் இந்தக் கணக்கு சரியாக வரும். மூன்று நாலு வாய்க்கு ஆகும். முதல் வாய் நாக்கைப் பழக்க, இரண்டாவது கவனிக்க, மிச்சம் எழுதும்போது சந்தேகம் தீர்த்துக்கொள்ள.

75 மி.லி. வீதம் ஐந்து பீர் என்றால் மொத்தம் 375 மி.லி. எல்லாமே 5 சதவீத ஆல்கஹால் என்று வைத்தால், உள்ளே போவது சுமார் 15 கிராம் சுத்த ஆல்கஹால். ஒரு முழு பாட்டிலுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு பீர் வைத்து ஒரு திருவிழாவே நடத்தலாம் என்று யாராவது ஒருவர் கட்டாயம் யோசனை சொல்வார். ஆறாவது பீரிலிருந்து எழுதப்படும் குறிப்புகளைப் படித்துப் பார்த்தால் அந்த யோசனை தானாகவே அடங்கிவிடும்.

லாகர், ஏல்னு பிரிக்கிறாங்களே, அதுல என்ன வித்தியாசம்?

ஈஸ்ட்தான். ஏல் வகைக்கான ஈஸ்ட் கொஞ்சம் வெதுவெதுப்பில், சுமார் 15 முதல் 24 டிகிரியில் வேலை செய்யும். அந்தச் சூட்டில் பழ வாசனை தரும் பொருட்கள் நிறைய உருவாகும். லாகர் ஈஸ்ட் 7 முதல் 13 டிகிரியில் மெதுவாக வேலை செய்யும். பிறகு வாரக்கணக்கில் உறைநிலையை ஒட்டிய குளிரில் கிடக்கும். அதனால் லாகரில் ஈஸ்ட்டின் வாசனை குறைந்து, மால்ட்டும் ஹாப்ஸும் மட்டும் துலக்கமாகத் தெரியும். மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த பார்லி. ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ, கசப்பும் வாசனையும் அதிலிருந்து வருபவை.

இன்றைய மஞ்சள் லாகர்களுக்கெல்லாம் மூதாதை செக் நாட்டின் பில்சென் நகரில் 1842-ல் பிறந்தது. யோசெஃப் குரோல் என்ற பவேரியக்காரர் அங்கே வந்து வெளிர் மால்ட்டும், அந்தப் பகுதியின் சாட்ஸ் ஹாப்ஸும், லாகர் ஈஸ்ட்டும் சேர்த்துக் காய்ச்சினார். பில்ஸ்னர் என்ற பெயர் அந்த ஊரின் பெயர்தான்.

கறுப்பா இருந்தா ஸ்ட்ராங்குனு அர்த்தமா?

இல்லை. நிறம் மால்ட்டை எவ்வளவு வறுத்தார்கள் என்பதைச் சொல்லும், ஆல்கஹால் எவ்வளவு என்பதைச் சொல்லாது. கின்னஸ் டிராஃப்ட் பார்க்கக் கரியாக இருக்கும், ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். பெல்ஜியத்தின் டுவெல் தங்க நிறத்தில் பளபளக்கும், அதில் 8.5 சதவீதம். ஒரே அளவு ஊற்றினால் டுவெல் குடித்தவருக்குப் போகும் ஆல்கஹால் இரண்டு மடங்கு. பாட்டிலில் அச்சிட்ட சதவீதத்தைப் பார்க்காமல் யாருக்கும் ஊற்றாதீர்கள்.

முதல் தடவைக்கு என்னென்ன வாங்கலாம்?

பிராண்டை மறந்துவிட்டு வகையைப் பாருங்கள். ஒரு பில்ஸ்னர், ஒரு பவேரியக் கோதுமை பீர், ஒரு ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ் தூக்கலான ஏல்), ஒரு ஸ்டவுட். இந்த நாலும் நாலு வெவ்வேறு விஷயத்தைக் காட்டும். பில்ஸ்னரில் மால்ட்டும் ஹாப்ஸும் சமமாக நிற்பது தெரியும். கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். யாரும் பழத்தையோ கிராம்பையோ போடவில்லை, அந்த வகை ஈஸ்ட் நொதிக்கும்போது தானே உண்டாக்கும் வாசனை அது. முதல் தடவை வருபவர்கள் முகம் மலர்வது பெரும்பாலும் இந்தக் கோப்பையில்தான். ஐ.பி.ஏ.-வில் ஹாப்ஸ் வாசனை நாரத்தை, மாம்பழம், பைன் பிசின் என்று எந்தத் திசையிலும் போகலாம். ஸ்டவுட் வறுத்த தானியத்தின் சுவைக்கு.

புளிப்பு பீர்களை முதல் நாள் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. பெல்ஜியத்தின் லாம்பிக் போன்றவை காற்றிலும் பீப்பாயிலும் இருக்கும் ஈஸ்ட்டாலும் பாக்டீரியாவாலும் தானாக நொதிப்பவை. அருமையான பீர்கள். ஆனால் தயாராக இல்லாதவருக்குக் கெட்டுப்போனது என்றுதான் தோன்றும்.

எதை முதல்ல ஊத்தணும்?

மென்மையானது முன்னால், அழுத்தமானது பின்னால். ஆல்கஹால் குறைவானது முதலில் வரட்டும். கசப்பு, வறுத்த சுவை, புளிப்பு, புகை இவையெல்லாம் கடைசிப் பக்கம். மேலே சொன்ன நாலுக்கும் அந்த வரிசையே சரியாக இருக்கும். ஐ.பி.ஏ. குடித்த நாக்குக்கு அடுத்து வரும் பில்ஸ்னர் வெறும் சோடாத் தண்ணீர் மாதிரி இருக்கும். அதற்கு மார்க் போட்டால் பில்ஸ்னருக்கு அநியாயம்.

பீர்னா சில்லுனு இருக்கணும்ல? ஐஸ் கிளாஸ்ல ஊத்தினா தப்பா?

வெயிலில் அலைந்துவிட்டு வந்து தாகத்துக்குக் குடிக்கிறீர்கள் என்றால் எப்படி வேண்டுமானாலும் குடியுங்கள். ருசி பார்க்க உட்கார்ந்தால் அதிகக் குளிர் எதிரி. வாசனைப் பொருட்கள் குளிரில் எழும்பாது, நாக்கும் மந்தமாகும். பில்ஸ்னருக்கு 5 முதல் 7 டிகிரி நல்லது. ஏல் வகைகளுக்கு 8 முதல் 12. ஆல்கஹால் அதிகமான கனத்த பீர்களுக்கு 12-க்கு மேலும் போகலாம். வெப்பமானி தேவையில்லை. லாகரை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து சில நிமிடத்தில் ஊற்றுங்கள், ஸ்டவுட்டைக் கால் மணி நேரம் வெளியே வைத்து ஊற்றுங்கள்.

ஃப்ரீசரில் வைத்துப் பனி படிந்த கிளாஸில் இன்னொரு தொல்லை உண்டு. அந்தப் பனி உருகி பீரில் தண்ணீராகக் கலக்கும், ஃப்ரீசரில் வேறு என்ன வாசனை இருந்ததோ அதையும் கூடவே கொண்டுவரும்.

தனியா பீர் கிளாஸ் வாங்கணுமா?

வேண்டாம். வாய் கொஞ்சம் குறுகிய எந்தக் கண்ணாடி கிளாஸும் போதும். வைன் கிளாஸ் இருந்தால் மிக நல்லது, வாசனை உள்ளே தங்கும். எல்லோருக்கும் ஒரே மாதிரி கிளாஸாக இருக்கட்டும், இல்லையென்றால் நிறத்தையும் நுரையையும் ஒப்பிட முடியாது.

கிளாஸ் எந்த வடிவம் என்பதைவிட எவ்வளவு சுத்தம் என்பதுதான் முக்கியம். மால்ட்டின் புரதமும் ஹாப்ஸின் கசப்புப் பொருளும் சேர்ந்துதான் நுரையைத் தாங்குகின்றன. துளி எண்ணெய், லிப்ஸ்டிக், சோப்புப் படலம் ஏதாவது இருந்தால் நுரை உடனே சரிந்துவிடும். ஊற்றியதும் கிளாஸின் உள்சுவரில் குமிழிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். நன்றாக அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள். துணியின் நூலும் வாசமும் ஒட்டிக்கொள்ளும்.

நுரை வராம சாய்ச்சு ஊத்துறதுதானே கெட்டிக்காரத்தனம்?

முழுக்கச் சாய்த்தே ஊற்றினால் வாயு உள்ளேயே அடைபட்டு, குடித்த பிறகு வயிற்றில் வந்து விரியும். வாசனையும் எழும்பாது. முதல் பாதியைச் சாய்த்து ஊற்றுங்கள், பிறகு கிளாஸை நிமிர்த்தி நடுவில் விழும்படி ஊற்றுங்கள். இரண்டு விரல் உயரம் நுரை நின்றால் சரி. நாம் ஊற்றும் குறைந்த அளவுக்கு ஒரு விரலே தாராளம்.

பாட்டிலுக்கு அடியில் வண்டல் இருந்தால் பயப்பட வேண்டாம், பல பீர்கள் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்கும், அந்த ஈஸ்ட்தான் அது. கோதுமை பீரில் அதைக் கலக்கி ஊற்றுவதே வழக்கம். மற்றவற்றில் கடைசி ஒரு விரல் அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடலாம்.

எப்படிக் குடிக்கணும்? வைன்காரங்க மாதிரி துப்பணுமா?

முதலில் மூக்கு. ஊற்றியவுடன் கிளாஸை லேசாகச் சுழற்றி இரண்டு மூன்று சின்ன மூச்சாக இழுங்கள். சில வாசனைகள் முதல் அரை நிமிடத்தில் பறந்துவிடும், அதனால் நிறம் பார்ப்பதைக்கூடப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். பிறகு ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள். விழுங்கிய கையோடு வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு அந்த நொடியில் தொண்டைக்குப் பின்னால் வழியாக மூக்குக்குப் போகும் வாசனைதான். சளி பிடித்தவரை அன்றைக்கு மார்க் போட விடாதீர்கள்.

துப்புவது கட்டாயமில்லை. ஆனால் ஒரு காலிப் பாத்திரம் மேஜையில் இருக்கட்டும். பிடிக்காததை ஊற்ற, போதும் என்று தோன்றினால் கொட்ட. கொட்டுபவரைக் கிண்டல் செய்யாதீர்கள்.

கசப்பு நாக்கோட பின்பக்கம்தான் தெரியும்னு ஸ்கூல்ல படிச்சோமே?

அந்த நாக்கு வரைபடம் தவறு. டேவிட் ஹேனிக் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1901-ல் நாக்கின் ஓரப் பகுதிகளுக்கு இடையே உணர்வில் சின்னச் சின்ன வித்தியாசம் இருப்பதாக எழுதினார். 1942-ல் எட்வின் போரிங் என்ற உளவியலாளர் அதை வரைபடமாகக் காட்டிய விதத்தில், ஒவ்வொரு இடமும் ஒரே சுவையைத்தான் அறியும் என்று மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள். சுவை மொட்டு உள்ள எந்த இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும். பீரை எந்த மூலையிலும் ஒதுக்கி வைத்துக் குடிக்க வேண்டியதில்லை.

வாசனை வருது, ஆனா என்னன்னு சொல்ல வார்த்தை வர மாட்டேங்குது. என்ன பண்றது?

வார்த்தை தேடாதீர்கள், இடத்தைத் தேடுங்கள். இந்த வாசம் சமையலறையில் வருமா, பழக்கடையில் வருமா, மழை பெய்த மண்ணில் வருமா, மருந்து டப்பாவிலா? இடம் கிடைத்தால் பொருள் தானாக வரும். இந்தச் சிக்கல் தொழில்முறைக்காரர்களுக்கும் இருந்தது. அதனால்தான் 1970களில் மார்ட்டன் மெயில்கார்ட் என்ற பீர் ஆய்வாளர் பீரின் வாசனைகளையும் சுவைகளையும் வகை பிரித்து ஒரு சக்கரமாக வரைந்தார். மதுபானத் தொழிற்சாலைகள் இன்றும் அதன் அடிப்படையில்தான் பேசுகின்றன.

உங்கள் வீட்டு வார்த்தையே போதும். "பாட்டி வீட்டு நெல் குதிர்" என்று ஒருவர் எழுதினால் அந்த மேஜையில் எல்லோருக்கும் புரியும். புத்தகத்தில் படித்த வார்த்தையை மூக்கில் வராதபோதும் எழுதுபவர்தான் பிரச்சினை.

கெட்டுப்போனதா, இல்ல அதோட ருசியே அப்படியான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

நல்ல கேள்வி, இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அடிக்கடி மாட்டும் குறை வெளிச்சம் பட்ட பீர். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சத்தில் உடைந்து கந்தகம் கலந்த ஒரு பொருளாக மாறும். அதன் நாற்றம் ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கு பீய்ச்சும் திரவத்தின் நாற்றம் போல இருக்கும். நேர் வெயிலில் சில நிமிடமே போதும். பழுப்பு பாட்டில் இதை ஓரளவு தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது. வெள்ளை பாட்டிலில் விற்கும் சில நிறுவனங்கள் வெளிச்சத்தில் உடையாதபடி பக்குவப்படுத்திய ஹாப்ஸ் சாற்றைச் சேர்க்கின்றன. ஒரே பீரின் இரண்டு பச்சை பாட்டில்களில் ஒன்றை வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து, பிறகு இரண்டையும் ஒரே குளிருக்குக் கொண்டுவந்து மோந்து பாருங்கள். ஒருமுறை செய்தால் ஆயுசுக்கும் மறக்காது.

அடுத்தது பழசான பீர். காற்று பட்டு நாளானால் ஈர அட்டைப்பெட்டி, பழைய காகித வாசம் வரும். ஹாப்ஸ் வாசனைக்காகக் குடிக்கும் ஐ.பி.ஏ. போன்றவை இதில் முதல் பலி. அடைத்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் குடிப்பது நல்லது. வேகவைத்த சோளம், வெண்ணெய், பச்சை ஆப்பிள், வினிகர் இவையெல்லாம் காய்ச்சும்போதோ நொதிக்கும்போதோ ஏற்பட்ட கோளாறைக் காட்டும்.

ஆனால் இதே வாசனைகள் சில வகைகளில் நியாயமானவை. செக் பில்ஸ்னரில் வெண்ணெய் வாசம் இலேசாக இருந்தால் மரபு. லாம்பிக்கில் புளிப்பும் தொழுவ வாசமும் வேண்டுமென்றே வருபவை. ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்துப் புகை பீரை முதல்முறை மோப்பவர் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று நினைப்பார், மால்ட்டைப் பீச் (beech) மரப் புகையில் காயவைப்பதால் வருவது அது. அதனால் வகையின் பெயரைப் பார்க்காமல் கெட்டுவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். பெயரைப் பார்த்தும் சந்தேகம் தீரவில்லையா, அதே பீரின் இன்னொரு பாட்டிலைத் திறப்பதுதான் ஒரே வழி.

கேன்ல வர்றது மட்டமானதா?

பழைய நம்பிக்கை. கேனுக்குள் வெளிச்சம் போகாது, காற்றும் நுழையாது. மேலே சொன்ன இரண்டு முக்கியக் குறைகளுக்கும் கேன்தான் நல்ல காவல். உள்பக்கம் பூச்சு இருப்பதால் உலோகம் பீரில் படுவதில்லை. கிளாஸில் ஊற்றிக் குடியுங்கள். கேனிலிருந்தே குடித்தால் மூக்குக்கு எதுவும் எட்டாது.

சைடிஷ் இல்லாம எப்படி?

வெறும் வயிற்றில் வரவே வேண்டாம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், ஆனால் காரமும் பூண்டும் குறைவாக இருக்கட்டும். ருசி பார்க்கும்போது உப்பில்லாத ரொட்டியும் தண்ணீரும் மட்டும். வறுவலும் மசாலாவும் கடைசி பீர் முடிந்த பிறகு, அதுவரை சமையலறைக் கதவு சாத்தியே இருக்கட்டும். பல் துலக்கிய கையோடு, சென்ட் அடித்துக்கொண்டு, சிகரெட் முடித்த கையோடு வருபவர்கள் தங்கள் மூக்கை மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவர் மூக்கையும் கெடுக்கிறார்கள்.

மார்க் எப்படிப் போடறது? பத்துக்கா, அஞ்சுக்கா?

பீர் போட்டிகளுக்கு நடுவர்களைத் தயார் செய்யும் பி.ஜே.சி.பி. என்ற அமைப்பு 50 மார்க் முறையை வைத்திருக்கிறது. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் தன்மைக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று மார்க் என்பதைக் கவனியுங்கள். நாம் ஆகா ஓகோ என்று போட்டோ எடுக்கும் விஷயத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு.

நண்பர்கள் கூட்டத்துக்கு இது அதிகம். ஐந்துக்கு மார்க், அரை மார்க் அனுமதி, அதோடு "காசு கொடுத்து மறுபடி வாங்குவேனா?" என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை. இரண்டாவது பதில்தான் உண்மையைச் சொல்லும். நாலு மார்க் போட்டுவிட்டு "இல்லை" என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் ஏன் என்று கேட்டால் அன்றைய நல்ல பேச்சு அங்கேதான் தொடங்கும்.

ரெண்டு வரின்னீங்க. அதுல என்ன எழுதணும்?

"செம பீர், ஸ்மூத்தா இருந்தது" என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து உங்களுக்கே எதுவும் நினைவுக்கு வராது. இப்படி எழுதிப் பாருங்கள்: "வெளிர் மஞ்சள், நுரை சீக்கிரம் அடங்கிவிட்டது. ரொட்டி வாசம். தொடக்கத்தில் இலேசான இனிப்பு, முடிவில் கசப்பு கொஞ்ச நேரம் நிற்கிறது. குளிர் விட்டபோது சோள வாசம் எட்டிப்பார்த்தது." இதில் பிடித்தது, பிடிக்கவில்லை என்று ஒரு சொல்கூட இல்லை. ஆனால் இதைப் படிப்பவருக்கு அந்த பீர் தனக்குச் சரிப்படுமா என்று தெரிந்துவிடும்.

எங்க கூட்டத்துல ஒருத்தர் வாயைத் திறந்தா எல்லாரும் அதையே சொல்றாங்க. என்ன பண்ணலாம்?

அதற்காகத்தான் எழுதிய பிறகே பேச்சு என்ற விதி. மாம்பழம் என்று ஒருவர் உரக்கச் சொல்லிவிட்டால் அடுத்த நிமிடம் எல்லோர் மூக்கிலும் மாம்பழம் வந்துவிடும். பொய் சொல்கிறார்கள் என்றில்லை, மூளை அப்படித்தான் வேலை செய்யும். அதனால் "ம்ம்ம்", "அடடா", முகம் சுளிப்பது இவையும் அந்த நேரத்தில் கூடாது. பேசும்போது அதிகம் தெரிந்தவர் கடைசியில் பேசட்டும், புதியவர் முதலில்.

லேபிளைப் பார்த்தாலே மார்க் ஏறுது. கண்ணைக் கட்டிக்கிட்டுக் குடிக்கணுமா?

கண்ணைக் கட்ட வேண்டாம், பாட்டிலைக் கட்டுங்கள். காகிதமோ துணியோ சுற்றி எண் போடலாம். பாட்டிலின் வடிவமே காட்டிக்கொடுக்கும் என்றால் ஒருவர் வேறு அறையில் ஊற்றி எடுத்து வரட்டும், அன்று அவர் மார்க் போடுவதில்லை.

நிறமும் ஏமாற்றும். பிரான்சில் ஃப்ரெடெரிக் பிரோஷேயும் கூட்டாளிகளும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளை வைனில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து வைன் படிக்கும் மாணவர்கள் 54 பேரிடம் கொடுத்தார்கள். சிவப்பு வைனுக்குச் சொல்லும் வாசனைகளையே அவர்கள் அதிகம் எழுதினார்கள். துணிவிருந்தால் ஒளிபுகாத கோப்பையில் கறுப்பு லாகரையும் மஞ்சள் லாகரையும் ஊற்றி எது எது என்று கேளுங்கள்.

இந்த ரெண்டு பிராண்டுக்கும் வித்தியாசம் எனக்கு நல்லாத் தெரியும்னு ஒருத்தன் சவால் விடறான். எப்படிச் சோதிக்கறது?

மூன்று கிளாஸ் சோதனை. இரண்டில் ஒரு பீர், ஒன்றில் மற்றது. எது தனி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தொழிற்சாலைகளிலும் இதே முறை உண்டு. குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருப்பதால் ஒருமுறை சரியாகச் சொன்னதை வெற்றி என்று எடுக்காதீர்கள். கிளாஸ்களை இடம் மாற்றி நாலைந்து முறை செய்யுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு வாய் அளவு. குளிர்ச்சி மூன்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும், இல்லையென்றால் அவர் குளிரை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். சவால் விட்டவர் தோற்றால் அன்றைக்குக் கிளாஸ் கழுவுவது அவர் பொறுப்பு என்பது எங்கள் நடைமுறை.

லேபிள்ல ஐ.பி.யு. 60னு போட்டிருக்கு. 30ஐ விட ரெண்டு மடங்கு கசக்குமா?

கசப்புப் பொருள் இரண்டு மடங்கு இருக்கும், கசப்பு அப்படித் தெரியாது. ஐ.பி.யு. என்பது ஏறத்தாழ ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் ஹாப்ஸ் கசப்பு கரைந்திருக்கிறது என்ற கணக்கு. இனிப்பு மால்ட் நிறைய உள்ள கனத்த பீரில் 60 அடங்கிப்போகும். ஒல்லியான பீரில் 35 கூட நாக்கைப் பிடிக்கும்.

எனக்கு ஸ்டவுட்டே பிடிக்காது. அதுக்கு நான் எப்படி நியாயமா மார்க் போடறது?

இரண்டு கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்டவுட்டாக அது எப்படி இருக்கிறது? எனக்குப் பிடித்ததா? முதலாவதற்கு மார்க், இரண்டாவதற்கு நம்முடைய "மறுபடி வாங்குவேனா". வறுத்த சுவை இருக்கிறதா, கசப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தாங்குகிறதா, குடித்து முடித்ததும் வாயில் சாம்பல் மாதிரி ஏதாவது மிஞ்சுகிறதா என்று பார்க்கப் பிடித்திருக்க வேண்டிய அவசியமில்லை. அதுவும் முடியவில்லை என்றால் மார்க் போடாமல் விடுங்கள். காலி இடம் தப்பான எண்ணைவிடப் பயன்படும்.

நான் குடிக்க மாட்டேன், ஆனா கூட்டத்துல இருக்கணும். எனக்கு என்ன வேலை?

நிறைய இருக்கிறது. மறைத்து ஊற்றுவதற்கும் குறிப்புகளைச் சேகரித்துப் படிப்பதற்கும் ஆள் வேண்டும், மோந்து பார்த்து மட்டும் எழுதவும் செய்யலாம், மூக்கின் பங்கு எவ்வளவு பெரியது என்று மேலே பார்த்தோம். ஆல்கஹால் இல்லாத பீர்களை மட்டும் வைத்து ஒரு நாள் நடத்தலாம். அவற்றில் பலவற்றில் 0.5 சதவீதம் வரை இருக்கலாம், சுத்தமாகவே வேண்டாம் என்பவர்கள் 0.0 என்று போட்டதைப் பாருங்கள். ஒரு வாய்தானே என்று யாரையும் வற்புறுத்தக் கூடாது. அப்படி வற்புறுத்துபவரை அடுத்த முறை அழைக்காதீர்கள்.

நான் சைவம். பீர்ல அசைவம் எதுவும் இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. ஆனால் சில பீர்களைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் என்ற பொருளைப் பயன்படுத்துகிறார்கள், முக்கியமாகப் பிரிட்டிஷ் பீப்பாய் ஏல்களில். மில்க் ஸ்டவுட்டில் பால் சர்க்கரை உண்டு. குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் பார்லி, கோதுமை இரண்டையும் கவனிக்க வேண்டும், அதாவது பெரும்பாலான பீர்களை.

இவ்வளவு கம்மியா குடிச்சுட்டு வண்டி ஓட்டலாம்ல?

வேண்டாம். 5 சதவீத பீர் 330 மி.லி.-யில் சுமார் 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. உடல் அதை மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வேகத்தில்தான் கரைக்கும். காபி, குளியல், மோர் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. வீடு திரும்பும் வழியை முதல் பாட்டில் திறக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் குடிக்கவே கூடாது, முந்தைய கேள்விக்கு முந்தையதில் சொன்ன வேலைகள் அவர்களுக்கும் உண்டு.

கொஞ்சமாகக் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

போன தடவை நாலு மார்க் போட்ட பீருக்கு இப்ப ரெண்டரைதான் போட்டேன். எது சரி?

இரண்டுமே அந்தந்த நேரத்துக்குச் சரியாக இருக்கலாம். பாட்டில் பழசாக இருந்திருக்கலாம், வரிசையில் ஐ.பி.ஏ.-வுக்குப் பின்னால் வந்திருக்கலாம், அதிகக் குளிரில் ஊற்றியிருக்கலாம். முன்பு லேபிள் தெரிந்து குடித்திருப்பீர்கள், இப்போது தெரியாமல். அதனால்தான் குறிப்பின் மேலே அடைத்த தேதி, வரிசையில் எத்தனையாவது, பாட்டிலா கேனா, மறைத்தா மறைக்காமலா என்பதையும் எழுதச் சொல்கிறோம்.

பழைய மார்க்கை அடித்துத் திருத்தாதீர்கள். பக்கத்தில் புதியதை எழுதுங்கள். காரணம் எதுவும் பிடிபடவில்லை என்றால் அடுத்த கூட்டத்தில் அதே பீரைப் புதிய தேதியில் வாங்கி, மறைத்து, வரிசையில் இரண்டாவதாக வைத்துப் பாருங்கள். முதலாவதாக வேண்டாம், அப்போது நாக்கு இன்னும் தயாராகியிருக்காது.